ஆயிரத்து அறுநூறு ஆண்டுக் குறிப்பும் இரண்டரை ஆண்டுப் படிப்பும்

மருந்து வந்த வழி – 12

ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தின் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹொங் என்ற தாவோ மார்க்க அறிஞர் தம் வைத்திய நூலில் ஒரு பச்சிலைக் குறிப்பை எழுதிவைத்தார், 1971-இல் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி அதை எடுத்துப் படித்தார், மருந்து கிடைத்தது, ஆகவே முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று முடிப்பது ஒரு கதை. ஏடு வெறும் சாக்குத்தான், வேலை செய்தது ஆய்வகம், நூற்றுக்கணக்கான செடிகளைச் சோதித்தால் ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும் என்பது மற்றொன்று. 2015-இல் தூ யூயூவுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது இரண்டு கதைகளும் மறுபடி வலம் வந்தன. முதல் கதையில் ஏடு இருக்கிறது, இரண்டாவதில் கண்ணாடிக் குடுவை இருக்கிறது. அந்த ஏட்டைப் படிக்கவும் குடுவையைக் கையாளவும் ஒரே ஆளுக்கு எங்கே கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்வி இரண்டிலுமே இல்லை. சீனத்தின் மூலிகை ஆய்வு வரலாற்றில் திருப்புமுனைகளாக நிற்பவை பாடத்திட்டங்களே என்பது என் வாதம். எந்தச் செடி மருந்தாகத் தேறியது, எது தேறவில்லை, எது ஆளைக் கொன்றது என்ற மூன்றுக்கும் பின்னால் யாருக்கு என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்பது இருக்கிறது.

தூ யூயூ 1930-இல் நிங்போ நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் காசநோய் வந்து இரண்டு ஆண்டு பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. 1951-இல் பீக்கிங்கில் மருந்தியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட துறை, செடியிலிருந்து வரும் மருந்துச் சரக்கை இன்னதென்று இனங்காணும் துறை. அதைக் கற்றுக்கொடுத்தவர் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த லோ ஜிட்சன். காய்ந்து சுருங்கிய வேரையோ நொறுங்கிய இலையையோ கையில் கொடுத்தால், அதை மெல்லிய சீவலாக வெட்டி உருப்பெருக்கியின் கீழ் வைத்து, நாரின் அமைப்பையும் மாவுமணியின் வடிவத்தையும் இலைமேல் உள்ள மயிர்களின் வகையையும் பார்த்து இது இந்தச் செடிதான் என்று சொல்லத் தெரிய வேண்டும். நாம் தலையில் சூடும் மரிக்கொழுந்தின் பேரினமான ஆர்ட்டிமிசியாவைச் சேர்ந்ததுதான் மலேரியா மருந்து தந்த செடியும். மரிக்கொழுந்தைக் கசக்கினால் மணக்கும் அல்லவா, அதுபோல் இந்த இனத்துச் செடிகளின் இலைமேல் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஆர்ட்டிமிசினின் சேர்ந்திருப்பதும் அந்தச் சுரப்பிகளில்தான். ஆகவே இலையில் இருக்கிறது, தண்டில் தேடிப் பயனில்லை. பூக்கும் முன்னரே பறித்துவிட வேண்டும். ஒரு மாகாணத்துச் செடியில் நிறைய இருக்கும், வேறொரு மாகாணத்துச் செடியில் அற்பமாக இருக்கும். இவையெல்லாம் பின்னால் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஆனால் இப்படியெல்லாம் கேட்க வேண்டும் என்ற பழக்கம் அந்த வகுப்பறையில் வந்தது.

1955-இல் பட்டம் பெற்றதும் பீக்கிங்கில் புதிதாகத் தொடங்கப்பட்ட சீன மரபு மருத்துவக் கழகத்தின் மருந்துச் சரக்கு ஆய்வுக்கூடத்தில் அவரை வேலைக்கு அமர்த்தினார்கள். 1959-இலிருந்து 1962 வரை இரண்டரை ஆண்டுகள் வேலையிலிருந்து விடுவித்து, மேலைக் கல்வி பெற்றவர்கள் மரபு மருத்துவம் கற்பதற்கென்றே ஏற்பட்ட முழுநேர வகுப்பில் உட்கார வைத்தார்கள். நவீன மருந்தியல் பட்டதாரி ஒருவர் நாடி பார்ப்பதையும் பழைய நூல்களின் நடையையும் சரக்குகளின் குணபாடத்தையும் மாணவியாக இருந்து படித்தார். சரக்கைச் சுத்தி செய்யும் முறைகளையும் அவர் கற்றார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சீன மரபில் இது தனிக் கலை. ரெஹ்மானியா என்ற கிழங்கைப் பச்சையாகக் கொடுத்தால் சூட்டைத் தணிக்கும் மருந்து. கறுத்துப் பளபளக்கும்வரை ஆவியில் வேகவைத்துக் கொடுத்தால் உடம்பைத் தேற்றும் மருந்து. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி உபயோகம். நாபி போன்ற நச்சுக் கிழங்கை நெடுநேரம் வேகவைத்தால்தான் உள்ளே கொடுக்க முடியும். நெருப்பு பட்டால் சரக்கின் குணம் மாறும் என்பதை இந்தக் கலையைப் படித்தவருக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒரு வகுப்பு எப்படி ஏற்பட்டது? அரசு நடத்தும் மூலிகைக் கல்வி சீனாவுக்குப் புதிதல்ல. தாங் அரசர்கள் காலத்தில் தலைநகரில் நல்ல விளைநிலத்தில் மூலிகைத் தோட்டம் போட்டு, பதினாறு முதல் இருபது வயதுக்குட்பட்ட சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தோட்ட மாணவர்களாக எடுத்தார்கள். படிப்பு முடித்தவர் ஆசிரியர் ஆவார். 659-இல் முடிந்த அரசுச் சரக்கு நூலுக்காகப் பல மாகாணங்களிலிருந்தும் சரக்குகளைத் தருவித்துப் படமும் வரைந்தார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தது. 1912-இல் புதிய குடியரசு வெளியிட்ட கல்வி விதிகளில் மரபு மருத்துவத்துக்கு இடமே இல்லை. ஷாங்காயில் திங் கான்ரென் போன்றவர்கள் சொந்த முயற்சியில் கல்லூரி நடத்தினார்கள். 1929 பிப்ரவரியில், ஜப்பானில் மேலை மருத்துவம் படித்துத் திரும்பிய யூ யான் என்பவர் முன்வைத்த, பழைய மருத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்கும் தீர்மானத்தை மத்திய சுகாதாரக் குழு ஏற்றது. மார்ச் 17-இல் நாடெங்குமிருந்து வைத்தியர்களும் மருந்துக்கடைக்காரர்களும் ஷாங்காயில் திரண்டு அதை நிறுத்திவைத்தார்கள். ஒழிப்பு நின்றது, ஆனால் அரசுப் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை.

கதவைத் திறந்தது தேவை. 1949-இல் மேலை மருத்துவம் படித்தவர்கள் அந்தப் பெரிய நாட்டில் சில பத்தாயிரம் பேர்தான்; மரபு வைத்தியர்கள் சுமார் ஐந்து லட்சம். அவர்களை ஒதுக்கிவிட்டு எந்த அரசாலும் மருத்துவம் தந்திருக்க முடியாது. 1955 டிசம்பரில் பீக்கிங் கழகமும் அதனுடன் மேலை மருத்துவர்களுக்கான முதல் வகுப்பும் தொடங்கின. 1956-இல் பீக்கிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டூ ஆகிய நான்கு ஊர்களில் மரபு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. 1958 அக்டோபரில் மாவோ அந்த வகுப்புகளைப் புகழ்ந்து குறிப்பு எழுதிய பிறகு அவை நாடெங்கும் பரவின. இதில் அரசியல் இருந்தது, தேசப் பெருமிதம் இருந்தது, சிக்கனக் கணக்கும் இருந்தது. நோக்கம் கலப்படமாக இருந்ததால் விளைவும் போலி என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. வகுப்பை ஏன் தொடங்கினார்கள் என்பது ஒரு விஷயம், வகுப்பில் உட்கார்ந்தவர் என்ன கற்றார் என்பது வேறு விஷயம்.

இந்தக் கல்வி இல்லாத காலத்தில் மூலிகை ஆய்வு எப்படி நடந்தது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். மாஹுவாங் என்ற புதர்ச்செடியிலிருந்து எபெட்ரினை 1885-இல் ஜப்பானியரான நகாயி நகயோஷி பிரித்தெடுத்தார். அது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரிய பயனின்றிக் கிடந்தது. 1920-களில் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கெஹுயியும் கார்ல் ஷ்மிட்டும் அதன் செயலை ஆராய்ந்து 1924-இல் வெளியிட்ட பிறகு உலகெங்கும் ஆஸ்துமா மருந்தாயிற்று. சென் கெஹுயி அமெரிக்காவில் படித்த மருந்தியலாளர். ஆனால் அவர் உறவினர் ஒருவர் மரபு வைத்தியர். பள்ளி தராத இணைப்பை அங்கே குடும்பம் தந்தது. அப்படிப்பட்ட தற்செயலை நம்பி ஒரு நாடு ஆய்வு நடத்த முடியாது. அடுத்த உதாரணம் சாங்ஷான் என்ற மூலிகை. 1942-இல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த மலேரியா மருந்தான குயினைனின் வரத்து நின்றது. தென்மேற்குச் சீனத்தில் மலேரியா உச்சத்தில் இருந்தது. அதற்குச் சற்று முன்னரே கோமிந்தாங் தலைவர் சென் குவோஃபூவின் முயற்சியால் சோங்சிங்கில் ஓர் அரசியல் பள்ளியின் மருத்துவமனையில் சாங்ஷான் கஷாயத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது. ஆனால் கடைகளில் சாங்ஷான் என்ற பெயரில் விற்றவை ஒரே செடியல்ல. ஒருவர் சோதித்ததும் மற்றவர் சோதித்ததும் வேறு வேறாக இருக்கவே, இனங்காணும் வேலைக்குத் தனியாக ஆள் தேட வேண்டியிருந்தது. போர்க்காலத்திலேயே ஜாங் சாங்ஷாவும் தோழர்களும் அதன் வேதிப்பொருள்களை ஆராய்ந்து 1946-இல் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மலேரியா கிருமியைக் கொல்வதில் குயினைனை மிஞ்சிய பொருள். ஆனால் அது கிளப்பும் வாந்தி நோயாளியைப் படுத்திவிடும். அந்த வாந்தியை அடக்க வழி கிடைக்காமல் சாங்ஷான் நின்றுபோனது.

1967-க்கு வருவோம். வியட்நாம் போரில் வட வியட்நாமின் படைகளைக் குண்டுகளைவிடக் காய்ச்சல் அதிகம் வீழ்த்தியது. குளோரோகுயின் என்ற மருந்துக்கு மசியாத மலேரியா பரவியிருந்தது. அவர்கள் சீனாவிடம் உதவி கேட்டார்கள். அந்த ஆண்டு மே 23-இல் பீக்கிங்கில் கூடிய கூட்டத்தின் தேதியையே பெயராகக் கொண்டு ‘523’ என்ற இரகசியத் திட்டம் தொடங்கியது. சுமார் 60 நிறுவனங்கள் அதில் ஈடுபட்டன. 1969 ஜனவரியில் மரபு மருத்துவக் கழகத்தையும் அதில் சேர்த்து, 38 வயதான தூ யூயூவைக் குழுத்தலைவராக்கினார்கள். அது கலாச்சாரப் புரட்சியின் நடுக்காலம். மூத்த அறிஞர்கள் ஓரங்கட்டப்பட்டிருந்தார்கள். கல்லூரிகளில் 1966-இலிருந்து மாணவர் சேர்க்கை நின்றிருந்தது. அவர் பழைய நூல்களையும் நாட்டு வைத்தியர்களின் வாய்மொழியையும் திரட்டி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முறைகளைச் சேர்த்தார். அவற்றிலிருந்து 640 முறைகளைத் தேர்ந்து ஒரு கையேடாக்கினார். 1971 வரை இருநூறுக்கும் மேற்பட்ட முறைகளிலிருந்து 380-க்கும் அதிகமான சாறுகளை எடுத்து, மலேரியா கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகுச் சாறு எலியில் 84 விழுக்காடு வேலை செய்தது; மனிதரிடம் கைகொடுக்கவில்லை. ச்சிங்ஹாவ் என்ற இலையின் சாறு ஒருமுறை 68 விழுக்காடு கிருமியைத் தடுத்தது. மறுபடி செய்தபோது 40-க்கு இறங்கியது, இன்னொருமுறை 12-க்கு. வேறு யாராக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள்.

அவர் போகாததற்குக் காரணம் கெ ஹொங்கின் குறிப்பில் இருந்த ஒரு விவரம். மலேரியா மருந்துகளில் பெரும்பாலானவை கஷாயம். சரக்கைக் கொதிக்கவைத்து வடித்துக் கொடுப்பது. ச்சிங்ஹாவுக்கு மட்டும், ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் முறுக்கிப் பிழிந்து சாற்றை முழுவதும் குடிக்கச் சொல்கிறார் கெ ஹொங். நெருப்பு என்ற பேச்சே இல்லை. சரக்கைச் சுத்தி செய்யும் கலை படித்தவர் கண்ணுக்குத்தான் இல்லாத நெருப்பு தென்படும் என்று நான் கருதுகிறேன். வெறும் வேதியியலாளர் அதை ஒரு கிராமத்துக் கைப்பக்குவம் என்று தாண்டியிருப்பார். அதே சமயம், வெறும் வைத்தியராக இருந்தால் மறுபடி தண்ணீரில் பிழிந்திருப்பார். தூ யூயூவோ 35 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும் ஈதரை எடுத்தார். கிடைத்த சாற்றில் நச்சுத்தன்மை கொண்ட அமிலப் பகுதியை நீக்கிவிட்டு நடுநிலைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். 1971 அக்டோபர் 4-இல் சோதித்த 191-ஆம் எண் சாறு எலியின் இரத்தத்தில் கிருமியை நூற்றுக்கு நூறு ஒழித்தது, பிறகு குரங்கிலும். மருந்துத் தொழிற்சாலைகள் இயங்காத காலம் அது. நிறைய சாறு வேண்டியிருந்ததால் வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் பெரிய பானைகளில் இலையை ஈதரில் ஊறவைத்தார்கள். காற்றோட்டம் சரியில்லாத கூடத்தில் அந்த ஆவியைச் சுவாசித்துப் பலர் நோயுற்றார்கள். 1972 ஜூலையில் தூ யூயூவும் இரு சகாக்களும் முதலில் தாங்களே சாற்றைக் குடித்துப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் ஹைனான் தீவின் நோயாளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தூய படிகம் கிடைத்தது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முன்னோர்கள் அறிந்திருந்தார்கள், ஆய்வகம் முத்திரை மட்டுமே குத்தியது என்பவர்கள் கெ ஹொங்கின் மலேரியா அத்தியாயத்தை முழுவதும் பார்க்க வேண்டும். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. ச்சிங்ஹாவ் அவற்றில் ஒன்று. கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச்சுவடியில் இந்தச் செடி மூலத்துக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்திய பழைய சரக்கு நூலில் சிரங்குக்கும் பேனுக்கும். எந்தச் செடியை ச்சிங்ஹாவ் என்பது என்பதிலும் தெளிவில்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் ஷென் குவோ இரண்டு வகை உண்டு என்று எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் லீ ஷிட்சென் மஞ்சள் பூ வகையைத் தனிச் சரக்காகவே பிரித்தார். ஆர்ட்டிமிசியா இனங்களைப் பிரித்துச் சோதித்தபோது ஆர்ட்டிமிசியா அன்னுவா ஒன்றில்தான் இந்தப் பொருள் பயன்படும் அளவில் இருந்தது. ஏடு ஒரு வழியைக் காட்டியது, பொய்யான பல வழிகளுக்கு நடுவில். ஆனால் அது காட்டிய செய்முறை வீணானதல்ல என்பதற்கும் சான்று உண்டு. 2010-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பச்சை இலையை இடித்துப் பிழிந்த சாற்றில், தேநீர்போல் வடித்ததைக் காட்டிலும் ஆர்ட்டிமிசினின் பன்மடங்கு அதிகமாக இருந்தது.

எதைச் சோதித்தாலும் ஒன்று கிடைத்திருக்கும் என்பவர்களுக்கு அதே போரின் மறுபக்கம் பதில் சொல்கிறது. அமெரிக்க இராணுவத்தின் வால்ட்டர் ரீட் ஆய்வு நிலையம் அதே மலேரியாவுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சோதித்தது. மெஃப்ளோகுயின் என்ற மருந்தும் கிடைத்தது. அது குயினைனின் உறவுதான். ஆர்ட்டிமிசினினுக்கு அந்த வம்சத்தோடு உறவே இல்லை. அதில் நைட்ரஜன் அணு கிடையாது. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பாலம் ஒன்று உள்ளே இருக்கிறது. கிருமி இரத்தத்தைத் தின்னும்போது வெளிப்படும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கிறது. உடைந்த துண்டு கிருமியையே அழிக்கிறது. 1975-இல் சீன விஞ்ஞானிகள் ஊடுகதிரால் இந்த அமைப்பை உறுதிசெய்தபோது, மலேரியா மருந்தென்றால் நைட்ரஜன் வேண்டும் என்று பழகியிருந்த வேதியியல் திகைத்தது. அந்தக் காலத்து வேதியியலாளர் யாரும் மேசையில் உட்கார்ந்து இப்படி ஒரு மூலக்கூறைத் திட்டமிட்டிருக்க மாட்டார்.

ஒரே ஒருவருக்குப் புகழைக் கொடுப்பது அநீதி என்பது மூன்றாவது மறுப்பு. இது நியாயமானது. 1972 மார்ச்சில் நான்ஜிங் கூட்டத்தில் தூ யூயூ முடிவைச் சொன்ன பிறகு ஷான்டாங், யுன்னான் குழுக்கள் தம் ஊர்ச் செடியிலிருந்து 1973-இல் படிகத்தைப் பிரித்தன. யுன்னான் செடியில் பொருள் அதிகம், நச்சு குறைவு. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. மூளைக்கு ஏறிய கொடிய மலேரியாவிலும் இந்த மருந்து காப்பாற்றும் என்று 1974-இல் யுன்னானில் காட்டியவர் லீ குவோச்சியாவ். அவர் குவாங்ஜோ மரபு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர், அக்குபங்சர் பயின்றவர். 523 திட்டத்தில் அவருக்கு முதலில் தரப்பட்ட வேலை, அக்குபங்சரால் மலேரியாவைக் குணப்படுத்த முடியுமா என்று பார்ப்பது. நோயாளியின் இரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றி, மலேரியாவை வரவழைத்துக்கொண்டு, ஊசி குத்திப் பார்த்தார். குணமாகவில்லை. குணமாகவில்லை என்றே அறிக்கை கொடுத்தார். தாம் கற்ற மரபின் ஒரு பகுதி தேறவில்லை என்று சொல்லும் துணிவும் அந்தக் கல்வியிலிருந்து வந்ததுதான். மரபு மருத்துவக் கல்லூரி என்றால் மரபைப் பாதுகாக்கும் கோட்டை என்று நினைப்பவர்கள் இந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் அந்தக் கல்லூரிகள் குறையற்றவையா? குறையை உள்ளேயிருந்தே சொன்னார்கள். 1962-இல் பீக்கிங் கல்லூரியின் முதல் மாணவர்கள் படிப்பை முடிக்கும் தறுவாயில் சின் போவெய், ரென் யிங்சியூ உள்ளிட்ட ஐந்து மூத்த ஆசிரியர்கள் சுகாதார அமைச்சகத்துக்கும் கல்வி அமைச்சகத்துக்கும் கடிதம் எழுதினார்கள். பழைய நூல்களைத் தாமே படித்துப் பொருள் கொள்ளும் தேர்ச்சி மாணவர்களுக்குப் போதவில்லை, மருத்துவ அனுபவமும் போதவில்லை, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். பழைய முறையில் சிறுவன் குருவின் வீட்டில் இருந்து, சரக்குகளின் குணத்தையும் மருந்து முறைகளையும் செய்யுளாக மனப்பாடம் செய்வான். குரு நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மருந்துச் சீட்டைப் பிரதி எடுப்பான். பல ஆண்டுகள் கழித்தே சொந்தமாக எழுதுவான். கல்லூரியில் அது பாடம் பாடமாகப் பிரிந்தது; 1960-இலிருந்து நாடு முழுவதற்கும் பொதுப் பாடநூல்கள் வந்தன. ஆயிரக்கணக்கானவர்களைப் பயிற்றுவிக்க வேறு வழியில்லை என்பது உண்மை. குருவிடம் கற்றதில் பாதி குருவின் பிழை என்பதும் உண்மை. ஆனாலும் ஐவர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. மூலநூலைப் படிக்கத் தெரியாத மாணவருக்குப் பாடநூலின் சுருக்கம் மட்டுமே மிஞ்சும். கஷாயம் எது, பிழிசாறு எது என்ற வேறுபாடு சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும். கலாச்சாரப் புரட்சியில் அந்தக் கடிதம் அவர்கள்மேலேயே குற்றமாகத் திரும்பியது. அரசு உண்டாக்கிய கல்வியை அதே அரசு பத்து ஆண்டுகள் குலைத்தது. தூ யூயூவின் குழு பயன்படுத்தியது அதற்கு முன் சேர்த்துவைத்த முதலை.

கல்வியே திருப்புமுனை என்ற என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடியவற்றில் மிகக் கடுமையான சான்று புகழுக்குரிய செடியல்ல, நச்சுச்செடி. 1990-இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஓர் உடல் இளைப்பு மருத்துவமனையில் மாத்திரையோடு இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். இளம் பெண்கள் சிறுநீரகம் சுருங்கி வந்து நின்றார்கள். 1993-இல் ‘லான்செட்’ இதழில் செய்தி வந்தது. பாதிக்கப்பட்டோர் நூறைத் தாண்டினார்கள். ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேருக்குப் பதிலாக, சீன வணிகப் பெயரில் அதைப்போலவே ஒலிக்கும் அரிஸ்டொலோக்கியாவின் வேர் போயிருந்தது. அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தின்பதோடு புற்றையும் விதைக்கும். செயலிழந்த சிறுநீரகத்தை அகற்றிய 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்ததை 2000-இல் கண்டார்கள். உருப்பெருக்கியின் கீழ் ஒரு சீவல் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு வேரும் வேறென்று தெரிந்திருக்கும். இது பெல்ஜியத்தின் தவறு, சீனக் கல்வியின் தவறல்ல என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் சீனத்துக்குள்ளேயே அதே அமிலம் இருந்தது. முதொங் என்ற சரக்கு பழைய நூல்களில் அகேபியா என்ற கொடியின் தண்டு. இருபதாம் நூற்றாண்டில் வடகிழக்கு மாகாணங்களில் மலிவாகக் கிடைத்த அரிஸ்டொலோக்கியா ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது. 1963-இன் அரசு மருந்துத் தரநூலும் அதை ஏற்றது. பிரபலமான ஈரல் மாத்திரை ஒன்றில் அது பல்லாண்டு சேர்ந்தது. கல்லூரிகள் அதைக் கற்பித்தன. இங்கே கல்வி தோற்றது என்பதை ஒளிக்க முடியாது.

எந்தக் கல்வி தோற்றது என்று பார்க்க வேண்டும். பழைய சரக்கு நூல்களின் வர்ணனையையும் படத்தையும் ஒப்பிட்டிருந்தால் அரிஸ்டொலோக்கியா அவற்றின் முதொங் அல்ல என்பது தெரிந்திருக்கும். ஐவர் கேட்ட நூல்தேர்ச்சி அதற்குத்தான். மறுபுறம், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சை எந்த வைத்தியரின் கண்ணும் கண்டுபிடித்திருக்காது. குடித்த மருந்துக்கும் பத்து ஆண்டு கழித்து வந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வகமும் மருத்துவமனைப் பதிவேடுமே காட்டும். 1964-இலேயே ஜியாங்சு மாகாணத்தின் ஒரு மரபு மருத்துவ இதழில், முதொங்கை அதிக அளவில் குடித்த இருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாகச் செய்தி வெளிவந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து போக ஆளில்லை; இரண்டு ஆண்டில் கல்லூரிகள் குலைந்தன. 2003-இல்தான் அந்த அரிஸ்டொலோக்கியாவின் அனுமதி நீக்கப்பட்டது, மறு ஆண்டு அதன் பேரினத்தைச் சேர்ந்த வேறு இரண்டும் நீங்கின. 2005-இன் தரநூலில் முதொங் என்ற தலைப்பின்கீழ் அகேபியா மறுபடி இடம்பெற்றது. அதே பேரினத்தின் வேறு சில இனங்கள் அதற்குப் பிறகும் தரநூலில் தங்கியிருந்தன. அவற்றை நீக்குவதா, அளவு கட்டுவதா என்ற வழக்கையும், 2017-இல் நடைமுறைக்கு வந்த சீன மரபு மருத்துவச் சட்டம் குருவிடம் கற்றவர்களுக்குத் தேர்வின்மூலம் உரிமம் தர வழிவிட்டதால் இனங்காணும் படிப்புக்கு என்ன நேரும் என்பதையும் அடுத்த பகுதியில் பார்க்கலாம்.